முன்னோர் விட்டுச் சென்ற சொல்

மனிதன் தன் வாழ்நாளில் எழுதும் எழுத்துகள் பல. கடிதம் எழுதுகிறான், கணக்கு எழுதுகிறான், கடன் பத்திரம் எழுதுகிறான். இவை யாவும் எழுதியவன் உயிரோடிருக்கும்போதே பேசத் தொடங்கிவிடுகின்றன. எழுதியவன் கண் மூடிய பிறகே வாய் திறக்கும் எழுத்து ஒன்று உண்டு. அதுவே உயில். அது பேசும்போது மறுமொழி கேட்க எழுதியவன் இல்லை. அவன் சொல்லைக் காப்பதும் கைவிடுவதும் கேட்பவர் பொறுப்பாகிவிடுகின்றன. இந்தப் பொறுப்பைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

பம்பாயின் புறநகராகிய காட்கோபரில் நாம் வாழ்ந்து வருகிறோம். இங்கே காமராஜ் நகர் என்றொரு பகுதி உண்டு. தமிழர் பிழைப்புத் தேடி வந்து குடியேறிய இடம் என்பதை அப்பெயரே சொல்லும். பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிய மாடங்கள் எழுப்பும் காலத்தில், 2000 ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்பே இங்குக் குடியிருந்தோம் என்று காட்ட வேண்டிய தேவை இந்நகரத்துக் குடிசைவாழ் மக்களுக்கு ஏற்பட்டது. அதன் பொருட்டுப் பல குடும்பங்கள் பரண் மேலிருந்த தகரப் பெட்டிகளை இறக்கின. ரேஷன் அட்டையையும் வாக்காளர் பட்டியலையும் தேடப் புகுந்தவர் கையில் வேறு சில தாள்களும் அகப்பட்டன. மடிப்புகள் கிழிந்து, மை மங்கி, ஒருவருக்கும் படிக்க வராத பழந்தமிழ்க் கையெழுத்தில் இருந்த தாள்கள் அவை. மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்வதனால், அத்தகைய தாள்கள் சில நம்மிடமும் வந்து சேர்ந்தன. அவற்றுள் உயில்களும் இருந்தன.

உயில் என்னும் சொல்லே ஆங்கிலத்திலிருந்து நம் நாவிற்கு ஏற்பத் திரிந்து வந்தது. மரண சாசனம் என்றும் வழங்குவர். சொல் மட்டுமன்றி அவ்வழக்கமும் பெரும்பாலும் புதியதே. பழைய இந்து தரும சாத்திரங்களில், இறந்தபின் சொத்து இன்னாருக்கு என எழுதி வைக்கும் முறைக்கு இடமில்லை. தென்னாட்டில் வழங்கிய மிதாட்சர நெறிப்படி, மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறந்தபொழுதே பங்கு உண்டாகிவிடுகிறது. தந்தை தனித்து எழுதி வைக்க அதில் என்ன இருக்கிறது? அறம் செய்ய விரும்பியவர் வாழ்நாளிலேயே செய்தனர். கல்லிலும் செம்பிலும் வெட்டி வைத்தனர். சந்திரனும் சூரியனும் உள்ளவரை இத்தருமம் நடக்கக் கடவது என்று அவர்கள் எழுதிய வாசகங்களை நம் கோயிற் சுவர்களில் காண்கிறோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் துறைமுகப் பட்டணங்களில் இந்நிலை மாறலாயிற்று. 1726 ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று பட்டணங்களிலும் மேயர் நீதிமன்றங்கள் அமைந்தன. உயில்களை ஆராய்ந்து மெய்யெனச் சான்றளிக்கும் அதிகாரம் அவற்றுக்குக் கிடைத்தது. அக்கோர்ட்டுகளைச் சுற்றி வாணிகம் செய்த துபாஷிகளும் வணிகர்களும் ஆங்கிலேயர் உயில் எழுதுவதைக் கண்டனர். தாமும் எழுதத் தொடங்கினர். ஆயினும் அத்தகைய உயில் செல்லுமா என்ற ஐயம் நெடுநாள் தீரவில்லை. இந்து சட்டத்துக்கு இணங்காத உயில்களுக்கு வலிவில்லை என்று சென்னை மாகாணத்தில் 1829 ஆம் ஆண்டு ஒரு விதி பிறந்தது. பிற்பாடு நீதிமன்றத் தீர்ப்புகள் வழியை மெல்ல அகலமாக்கின. 1870 இல் இந்து உயில் சட்டம் வந்தது. வங்காளத்தின் ஒரு பகுதியிலும் சென்னை, பம்பாய் நகரங்களிலும் அது நடைமுறைக்கு வந்தது.

அடுத்த இரண்டாண்டுகளில், 1872 இல், லண்டன் பிரிவி கௌன்சிலில் புகழ்பெற்ற தாகூர் வழக்கு முடிவுற்றது. கல்கத்தாவின் பெருஞ்செல்வர் பிரசன்ன குமார் தாகூர், கிறிஸ்தவ சமயம் தழுவிய தம் ஒரே மகனைச் சொத்திலிருந்து விலக்கி உயில் எழுதியிருந்தார். இந்து ஒருவர் உயில் எழுதலாம் என்று ஒப்புக்கொண்ட நடுவர்கள், இன்னும் பிறவாதவருக்குச் சொத்தை எழுதி வைத்தல் செல்லாது என்றும் வரம்பு கட்டினர். மகனை விலக்கிய அதே உயிலில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் பொருள் வைத்திருந்தார். சட்டம் பயில்வோர் அறிந்த தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் அதனாலேயே தோன்றின. ஒருவருடைய சினமும் கொடையும் ஒரே தாளில் அருகருகே கிடப்பதை உயிலில் அன்றி வேறெங்கே காண முடியும்?

இனித் தமிழர் வரலாற்றில் மிகப் பெரிய உயிலுக்கு வருவோம். அது பச்சையப்ப முதலியார் எழுதியது. 1754 இல் பிறந்த அவர் தந்தை முகம் காணாதவர்; அவர் பிறக்கும் முன்பே தந்தையார் காலமாகிவிட்டார். தாயார் சென்னைப் பட்டணத்தை அடைந்து, நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவைப் பெற்றார். அங்கே வளர்ந்த பிள்ளை ஆங்கிலமும் கணக்கும் கற்றார்; இளமையிலேயே தரகில் ஈடுபட்டுப் பின்னர் தாமும் துபாஷியாகிப் பெரும்பொருள் ஈட்டினார். நாற்பது வயதளவில் நோயுற்றபோது, 1794 மார்ச் 22 ஆம் தேதி, தம் உயிலை எழுதுவித்தார். அதே மாதம் 31 ஆம் தேதி திருவையாற்றில் உயிர் நீத்தார். உயிலுக்கும் மரணத்துக்கும் இடையே ஒன்பதே நாட்கள்.

கோயில் திருப்பணிகளுக்கும் பிற அறங்களுக்கும் ஒரு லட்சம் வராகன் என்பது அவ்வுயிலின் நெஞ்சம். எழுதியவர் மறைந்தார்; பொருள் அறத்துக்குச் சென்றதா? இல்லை. உரியவர் யார் என்ற பூசல் எழுந்தது. ஆண்டுகள் பல உருண்டன. மேயர் நீதிமன்றம் போய் ரெக்கார்டர் நீதிமன்றம் வந்தது. அதுவும் போய் 1801 இல் சுப்ரீம் கோர்ட்டு வந்தது. உயிலின் வாசகம் உறங்கிக் கிடந்தது. வட்டி மட்டும் உறங்கவில்லை, அது வளர்ந்துகொண்டேயிருந்தது.

அந்த உறக்கத்தைக் கலைத்தவர் அவருடைய மரபினர் அல்லர். பொது அறங்களின் காவலர் என்ற முறையில் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர்கள் அதனைக் கையிலெடுத்தனர். ஹெர்பர்ட் காம்ப்டன் தொடங்கியதை ஜார்ஜ் நார்ட்டன் முன் நடத்தினார். முடிவில், உயில் குறித்த முதல் தொகை கோயில் முதலிய அறங்களுக்கே உரியது எனவும், சேர்ந்துவிட்ட உபரியைக் கல்விக்குப் பயன்படுத்தலாம் எனவும் ஏற்பாடாயிற்று. அறத்தைப் பரிபாலிக்க உள்நாட்டுப் பெருமக்கள் அடங்கிய குழு அமைந்தது. 1842 இல் சென்னையில் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. 1846 இல் நார்ட்டன் அடிக்கல் நாட்ட, கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண் வரிசையுடன் எழுந்த மண்டபம் 1850 இல் திறப்பு விழாக் கண்டது. 1889 இல் அப்பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. கணித மேதை இராமாநுஜன் அங்கே பயின்றார். அறிஞர் அண்ணாவும் அங்கே பயின்றவரே.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. பச்சையப்பர் கோயில்களை எண்ணினாரேயன்றிக் கல்லூரியை எண்ணினாரல்லர். காலம் தாழ்த்தியதனால் சேர்ந்த பொருளே கல்விச்சாலை ஆயிற்று. தாமதத்தால் நன்மை விளைந்தது என்று இதைக் கொண்டு மகிழ்வதற்கில்லை. அந்தத் தாமதத்தில், சோறு பெற்றிருக்க வேண்டிய ஏழைகள் எத்தனை பேர் பசியோடு மடிந்தனரோ? அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஆகவே பச்சையப்பர் உயில் நமக்குச் சொல்வது இரண்டு. இறந்தவர் சொல் தானாக நடவாது. அதை எடுத்துப் படித்து, இது நிறைவேறியதா என்று கேட்க ஒருவர் வேண்டும் என்பது ஒன்று. அவ்வாறு கேட்பவர் குருதி உறவினராகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்பது மற்றொன்று.

குடும்ப வரலாறு தேடுவோர்க்கு இவ்விரண்டும் நினைவில் இருத்தல் நலம். ஏனெனில், பெரும்பாலோர் முன்னோரின் உயிலைத் தேடுவது சொத்தை எண்ணித்தான். தாத்தாவின் தந்தை எழுதிய உயில் கிடைத்துவிட்டால் ஊரிலுள்ள வயல் மீண்டுவிடும் என்று நம்புவோர் உண்டு. பிறர் நெடுங்காலம் எதிர் உரிமையோடு அனுபவித்து வந்த நிலத்தை மீட்க வழக்கிடுவதற்கு 1963 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பன்னிரண்டு ஆண்டு எல்லை வகுத்தது. நூறாண்டு கழித்துப் பெட்டியிலிருந்து எடுக்கும் தாளால் வயல் வருவது அரிது. ஆனால் வரலாறு வரும். அதற்குக் காலவரையறை இல்லை.

அவ்வரலாறு எங்கே கிடைக்கும் என்பதையும் சற்று விளக்குவோம். உயில் மெய்யானதே என்று நீதிமன்றம் முத்திரையிட்டு வழங்கும் சான்றைப் புரோபேட் என்பர். அதற்காகக் கொடுக்கும் மனுவில், இறந்தவர் பெயர், இறந்த நாள், குடியிருந்த வீடு, வாரிசுகளின் பெயர்களும் உறவும், சொத்து விவரம், கடன் விவரம் ஆகியவை வரிசையாக இடம்பெறும். மூல உயில் நீதிமன்றத்திலேயே தங்கிவிடும். நகலே குடும்பத்தார் கைக்கு வரும். ஆதலால் வீட்டில் தாள் அழிந்தாலும் நீதிமன்றக் கட்டில் அது பிழைத்திருக்கக் கூடும். பம்பாயில் மேயர் நீதிமன்றம், 1798 இல் ரெக்கார்டர் நீதிமன்றம், பிறகு சுப்ரீம் கோர்ட்டு, 1862 முதல் உயர்நீதிமன்றம் என நீதிமன்றங்கள் மாறி வந்தன. எந்த ஆண்டு எந்த நீதிமன்றம் என அறிந்து தேடாதவர் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

காட்கோபரைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. 1870 ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1925 ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும், பம்பாய் நகர எல்லைக்குள் எழுதப்பட்ட அல்லது அவ்வெல்லைக்குள் உள்ள வீடு நிலங்களைப் பற்றிய இந்து உயில்களுக்குப் புரோபேட்டை இன்றியமையாததாக்கின. காட்கோபரோ அந்நாளில் நகருக்குப் புறத்தே, சால்செட் தீவில், தாணா ஜில்லாவைச் சார்ந்த சிற்றூர். 1920 இல் பம்பாய்ப் புறநகர் ஜில்லா தனியே பிரிந்தது. 1950 இலேயே காட்கோபர் பம்பாய் மாநகராட்சியோடு இணைந்தது. ஆகவே 1930 ஆம் ஆண்டளவில் மாதுங்காவில் வீடு வாங்கியவரின் உயில் உயர்நீதிமன்றத்தில் பதிவாகியிருக்க வாய்ப்பு மிகுதி. அதே ஆண்டில் இரயிலில் சில நிலையங்கள் கடந்து காட்கோபரில் இருந்துகொண்டு, அங்குள்ள சொத்தைப் பற்றி எழுதியவரின் உயில் நீதிமன்ற வாயிலையே மிதிக்காமல் இருந்திருக்கலாம். அது வீட்டுப் பெட்டியில் மட்டுமே இருந்திருக்கும். பெட்டி போனால் அதுவும் போயிற்று.

நீதிமன்றத்தை அடுத்துத் தேட வேண்டிய இடம் பதிவு அலுவலகம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் எச்சரிக்கையுள்ளவர் பதிவு செய்தனர். 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் உயில்களுக்கென்றே மூன்றாம் புத்தகம் என்ற தனிப் புத்தகத்தை வகுத்தது. எழுதியவர் உயிரோடு உள்ளவரை அதன் நகலை அவரும் அவருடைய முகவரும் அன்றி வேறெவரும் பெற இயலாது. அவர் இறந்த பின்போ, விண்ணப்பிக்கும் எவரும் பெறலாம். பெற்ற மகனுக்கும் காட்டாத இரகசியத்தை, இறப்புச் சான்று ஒன்று ஊரார்க்கெல்லாம் திறந்துவிடுகிறது. மூடி முத்திரையிட்ட உறையில் வைத்துப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் அச்சட்டம் வழி செய்தது. நிலம் உள்ள இடத்துச் சார்பதிவாளரிடமே உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமையால், பிறந்த ஊர், பிழைத்த ஊர் இரண்டிலும் தேடுதல் வேண்டும்.

கையில் கிடைத்த தாளைப் படிப்பதிலும் இடர்கள் உண்டு. நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், பொருநைக் கரைச் சிற்றூரிலிருந்து தம் பாட்டனார் கொண்டுவந்த தாள் ஒன்றை நம்மிடம் காட்டினர். அதில் சுபானு வருஷம் தை மாதம் என்றிருந்தது. பாட்டனார் 1943 ஆம் ஆண்டை ஒட்டி ஊரை விட்டவர்; ஆதலால் அது அவர் தந்தை அவ்வாண்டில் எழுதியது என அவர்கள் கருதியிருந்தனர். தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. சுபானு 1943 இலும் வந்தது. 1883 இலும் வந்தது. ஐயம் தீர்த்தது, தலைப்பில் தமிழ் எண்ணில் எழுதியிருந்த கொல்லம் ஆண்டு. நெல்லைச் சீமையில் கொல்லம் ஆண்டு பெருவழக்கு. அங்கிருந்தது 1059. தை மாதமாதலின் 825 ஐக் கூட்ட, 1884 ஜனவரி என்றாயிற்று. எழுதியவர் அவர்கள் எண்ணிய முன்னோர் அல்லர். அவருக்கும் இரு தலைமுறை முந்தியவர். அவர் பெயரையே அக்குடும்பத்தார் அன்றுதான் அறிந்தனர்.

உயிலின் பெரும்பகுதி, மூன்று பிள்ளைகளுக்கும் நிலத்தைப் பிரித்த விவரம். அந்த நிலம் எப்போதோ கை மாறிவிட்டது. கடைசியில் நான்கு வரி இருந்தது. தோட்டத்துக் கிணறு வெட்டிய ஆளுக்குக் கூலியில் இரண்டு கோட்டை நெல் பாக்கி நிற்கிறது. அடுத்த அறுப்பில் முதல் அளவை அதற்கே அளக்க வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் அவன் பிள்ளையைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். நாம் இதைப் படித்துக் காட்டியபோது நிலத்தின் அளவைப் பற்றி அதுவரை ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள் பேச்சை நிறுத்தினர். வீட்டு மூதாட்டி ஒருவர், "அளந்தாங்களா, இல்லையா? கூலி வச்ச வீடுன்னு பேர் வரக்கூடாதே" என்றார். அளந்ததற்கும் சான்றில்லை, அளவாமைக்கும் சான்றில்லை. கிணறு வெட்டியவரின் பெயர் உயிலில் இருக்கிறது. அவர் வழியில் வந்தவர் யாரேனும் உண்டா என்று ஊரில் விசாரித்து வருகின்றனர்.

இதுபோன்ற சிறு வரிகளின் அருமை அவற்றைக் கண்டெடுக்கும் காலத்தில் எல்லார்க்கும் விளங்குவதில்லை. ஆங்கில நாடகப் பேராசிரியர் ஷேக்ஸ்பியர் 1616 இல் எழுதிய உயிலின் நகல், 1747 இல் ஜோசப் கிரீன் என்னும் பள்ளி ஆசிரியர் கண்ணில் பட்டது. கவிஞரின் உயிலில் கவிதை மணக்கும் என எதிர்பார்த்த அவர் பெரிதும் ஏமாற்றமடைந்தார். அதில் இருந்தவை வீடு, நிலம், வெள்ளிப் பாத்திரம், மனைவிக்கு இரண்டாந்தரக் கட்டில் என்பவையே. ஆனால் அன்றுமுதல் இன்றுவரை அறிஞர்கள் அந்தக் கட்டிலைப் பற்றி ஓயாது ஆராய்கின்றனர். கவிஞர் எவரை நினைவில் வைத்திருந்தார், எவர்க்கு எவ்வளவு என்று நினைத்தார் என்பதை அத்தாள் அன்றி வேறெதுவும் அத்துணைத் தெளிவாய்ச் சொல்லவில்லை.

உயிலை வெறும் வரவுப் பட்டியலாகப் படிப்பவர்க்கு அது விரைவில் சலித்துவிடும். செலவுப் பட்டியலாகப் படித்தால், மறைந்தவரின் மனம் தெரியும். யாருக்குக் கடன்பட்டதாக அவர் நினைத்தார்? எவரை மன்னித்தார்? எவரை மன்னிக்கவில்லை? விதவையான சகோதரிக்கு அடுக்களையில் ஓர் இடம் விட்டாரா? பணிபுரிந்தவர் பெயரைக் குறித்தாரா? பெண்மக்களுக்கு என்ன வைத்தார்? விட்டுப்போன பெயர்களும் பேசும். 1927 ஜனவரி முதல் தேதிக்குப் பின் இந்துக்கள் எழுதும் உயில் எங்கும் எழுத்தில் அமைந்து இரு சாட்சிகளின் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்தச் சாட்சிகள் எவர், கையெழுத்திட்டனரா, கைநாட்டு வைத்தனரா என்பதிலும் ஓர் ஊரின் நட்பும் கல்வியும் தெரியும்.

ஆகையால், வீடு மாறும் குடும்பங்கள் பழைய தாள்களைப் பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போடுமுன் ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டும். படிக்க வராத எழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே காட்ட வேண்டும். மடிப்பில் ஒட்டுத்தாள் ஒட்டாமல், வெயில் படாத இடத்தில் விரித்தபடியே வைத்துக் காக்க வேண்டும். ஒளிப்படம் எடுத்து, உடன்பிறந்தோர் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருக்கச் செய்ய வேண்டும்.

தென்புலத்தார்க்கு ஆற்றும் கடனை நம் முன்னோர் இல்வாழ்வானின் கடமைகளுள் முதலில் வைத்தனர். எள்ளும் நீரும் இறைப்பதோடு அக்கடன் முடிந்ததாக நாம் எண்ணிவிடுகிறோம். அவர்கள் தம் கைப்படக் கேட்டுக்கொண்டது ஏதேனும் இருக்குமாயின், அதைத் தேடிப் படித்து, நடந்ததா என விசாரித்து, நடவாதிருப்பின் இயன்றவரை நடத்துவதும் அக்கடனின் பகுதியே அன்றோ? பச்சையப்பருக்கு அதைச் செய்தவர்கள் பிறர். நம் வீட்டுப் பெட்டியில் உள்ள தாளுக்கு அவ்வாறு வழக்காட எந்தத் தலைமை வழக்கறிஞரும் வரப்போவதில்லை. அதை விரிக்கும் கை நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்.